பலகை மாட்டாத நீர்: பிலாக்சி கடற்கரையும் பழவேற்காடு ஏரியும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் கல்லூரி மாணவர்கள் நடத்தும் வாசிப்பு வட்டம் ஒன்றில் சட்டம் குறித்துப் பேச எங்களை அழைத்திருந்தார்கள். 1950களின் அமெரிக்காவைக் காட்டும் சில புகைப்படங்களை எடுத்துச் சென்றிருந்தோம். ஒரே சுவரில் இரண்டு குடிநீர்க் குழாய்கள், ஒன்றின் மேல் 'வெள்ளையர்', மற்றொன்றின் மேல் 'நிறத்தவர்' என்று பலகை. நாம் பலமுறை பார்த்துப் பழகிய படம்தான். ஏரியில் இறால் தடவிப் பிழைக்கும் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி அதை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தோழர், அங்க போர்டு மாட்டியிருக்காங்க. இங்க யாரும் எந்த போர்டும் மாட்டலையே. எதைக் கழட்டச் சொல்லி கேஸ் போடுவீங்க?"

அன்று நாங்கள் அளித்த பதில் எங்களுக்கே நிறைவாக இல்லை. அந்தக் கேள்வியை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி அமெரிக்கா என்றவுடன் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஹாலிவுட் வரைந்தது: நீண்ட கார்கள், வரவேற்பறைத் தொலைக்காட்சி, பால் குவளையோடு மேசையைச் சுற்றி அமர்ந்த குடும்பம், கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடும் இளையோர். 1959இல் வெளிவந்த 'கிட்ஜெட்' திரைப்படம் கலிபோர்னியக் கடற்கரையை அமெரிக்க இளமையின் முகவரியாகவே மாற்றியது. அந்தக் கடற்கரையில் கருப்பின முகத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதே 1959ஆம் ஆண்டு மே 14 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சி நகரக் கடற்கரையில் கில்பர்ட் மேசன் என்ற கருப்பின மருத்துவர் சிறுவர்கள் உள்ளிட்ட சிலரோடு கடலில் இறங்கினார். காவலர் வந்து அவர்களை வெளியேற்றினார். கடலில் குளிப்பது குற்றமானது. இந்த இரண்டு கடற்கரைகளும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் இருந்தன.

அன்றாட வாழ்வில் நிறவெறி எவ்வளவு நுணுக்கமாக ஊடுருவியிருந்தது என்பதற்கு ஒரு சிறிய கையேடு சாட்சி. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் 1936 முதல் வெளியிட்ட 'பசுமை நூல்', காரில் பயணிக்கும் கருப்பின மக்கள் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே உணவு கிடைக்கும், எந்தப் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தலாம் என்பதைப் பட்டியலிட்டது. 1960களின் நடுப்பகுதி வரை அது அச்சானது. அச்சிடப்படாத அத்தகைய கையேடு நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. எந்தத் தேநீர்க் கடையில் உட்காரலாம், எந்தத் தெருவில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதை நம் பாட்டிமார் எந்தத் தாளையும் பாராமல் சொல்லித் தந்தார்கள்.

செய்தியும் அன்று ஒரு போர்க்களமாக இருந்தது. 1955 ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கொடூரமாகக் கொல்லப்பட்டான். சிதைந்த முகத்தை மூடாமல் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார் அவனுடைய தாய் மேமி டில். அந்தப் படத்தை 'ஜெட்' என்ற கருப்பின வார இதழ் செப்டம்பர் 15 தேதியிட்ட இதழில் வெளியிட்டது. ஜான் எச். ஜான்சன் 1951இல் தொடங்கிய, கைக்கு அடக்கமான, சினிமாச் செய்தியும் அழகிப் படமும் கலந்த வெகுமக்கள் இதழ் அது. தனக்கென வாசகர் இருந்ததால்தான் அந்தத் தாயின் முடிவு வரலாறானது. அதே செப்டம்பரில் முழுக்க வெள்ளையரைக் கொண்ட நடுவர் குழு குற்றவாளிகளை விடுவித்தது. டிசம்பரில் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையைவிட்டு எழ மறுத்தார். பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது.

1957 செப்டம்பரில், லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் நுழைய முயன்ற ஒன்பது கருப்பின மாணவர்களை மாநிலப் படை தடுத்தது. அந்தச் செய்தி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே மாதத்தின் 11ஆம் தேதி பரமக்குடியில் இமானுவேல் சேகரன் படுகொலை செய்யப்பட்டார். உலகம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த ஒப்பீட்டை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1946இலேயே அண்ணல் அம்பேத்கர், கருப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கருப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளை அவர் கேட்டார். டு பாய்ஸ் அதே ஆண்டு ஜூலை இறுதியில் பதில் எழுதினார். அம்பேத்கர் தேடியது உத்தியை. நாமும் உத்திக்காகவே அந்த வரலாற்றுக்குத் திரும்புகிறோம்.

நீரின் மேல் எழுதிய சட்டம்

1955 என்ற ஆண்டைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 1 அன்று இந்தியாவில் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 7 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பால்டிமோர் நகரம் தொடர்பான டாசன் வழக்கில், பொதுக் கடற்கரைகளிலும் குளியலிடங்களிலும் நிறத்தின் பெயரால் மக்களைப் பிரிப்பது செல்லாது என்ற கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. ஒரே ஆண்டில் இரு நாடுகளின் சட்டமும் தண்ணீரைத் தொட்டன. நம் சட்டத்தின் 4ஆம் பிரிவு ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், படித்துறை என்று வரிசையாகப் பெயர் சொல்லியது. தொழில் செய்வதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. எழுத்தளவில் நாம் அமெரிக்காவுக்கு முன்னே சென்றுவிட்டோம்.

ஆனால் பிலாக்சியில் நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்த 26 மைல் நீள மணற்கரை அரசுப் பணத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது. பொதுப் பணத்தில் கொட்டிய மணலைத் தங்கள் தனிச் சொத்து என்று கரையோர வீட்டுக்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். 1960 ஏப்ரல் 24 அன்று மேசனோடு சுமார் 125 பேர் கடலில் இறங்கியபோது வெள்ளைக் கும்பல் சங்கிலிகளாலும் தடிகளாலும் தாக்கியது. அடுத்த மாதம் மத்திய அரசே வழக்குத் தொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் கடற்கரை அனைவருக்கும் உரியது என்று சொல்ல 1968 ஆனது. தீர்ப்பு இருந்த நாட்டிலேயே, தீர்ப்பு கரையைத் தொட 13 ஆண்டுகள்.

இன்னொரு வழக்கையும் சட்ட மாணவர்கள் மறக்கக் கூடாது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் தன் பொது நீச்சல் குளங்களைக் கருப்பின மக்களுக்குத் திறப்பதைவிட, அவற்றை எல்லோருக்குமே மூடிவிடுவது மேல் என்று 1963இல் முடிவெடுத்தது. 1971இல் பால்மர் எதிர் தாம்ப்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை ஏற்றது. இரு தரப்புக்கும் சமமாக மூடியதால் பாகுபாடு இல்லையாம். வழக்கில் வென்றவரின் கையில் வற்றிய குளம் மிஞ்சும் என்ற ஆபத்தை இந்தத் தீர்ப்பு காட்டுகிறது. பழவேற்காட்டைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்புவோம்.

பாடு என்னும் முறை

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் உவர்நீர் ஏரி பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், கடலோடு ஏரி கலக்கும் தெற்கு முகத்துவாரமும் அதையொட்டிய வளமான நீரும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டித் துணி வாங்கினார்கள். பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையின் ஏழைகளை அடிமைகளாகப் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். (மெக்சிகோவில் கழுத்துக்குட்டையைக் குறிக்கும் 'பாலியாகாத்தே' என்ற சொல் இந்த ஊரின் பெயரிலிருந்து பிறந்தது. கௌபாய்ப் படங்களில் நாயகன் கழுத்தில் கட்டியிருக்கும் துணி நினைவுக்கு வரலாம்.)

ஏரியில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் மரபு 'பாடு'. மீன்பாடு என்ற சொல்லில் வரும் அதே பாடுதான். முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் தடங்கள் இடம் இடமாகப் பிரிக்கப்பட்டு, யார் எந்த நாளில் எங்கே சுத்து வலை கட்டலாம் என்பது முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் தீர்மானிக்கப்படுகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. கைகலப்பு குறையும். வலைகளின் எண்ணிக்கையும் வரம்புக்குள் நிற்கும். உலகெங்கும் பொதுவளம் குறித்து ஆராய்வோர் இந்த ஏற்பாட்டை வியந்து எழுதியிருக்கிறார்கள். அந்த வியப்பில் நியாயம் உண்டு. அரசின் ஆணை ஏதுமின்றி மீனவர்கள் தாங்களே உருவாக்கிய நீதி அது.

அந்த நீதி யாருக்கு என்ற கேள்வியில்தான் சிக்கல். பாட்டில் பங்கு பெறத் தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய குப்பங்களின் பட்டினவர் சமூகத்தைச் சேர்ந்த, மணமான ஆண்களுக்கே மரபுப்படி அந்தத் தகுதி. ஏரிக்கரையிலேயே வாழும் தலித் மக்களும் இருளர்களும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். இருளப் பெண்கள் ஆழம் குறைந்த நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும், சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் போடுகிறார்கள். வலை கட்டும் உரிமை இல்லாதவருக்குக் கைதான் வலை.

இதற்கும் 1950களின் அமெரிக்காவுக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1953இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. அன்றைய அமெரிக்க விருந்து மேசைகளில் கண்ணாடிக் கிண்ணத்தில் குளிர்ந்த இறாலைச் சிவப்புச் சாறோடு பரிமாறுவது நடுத்தர வர்க்க நாகரிகத்தின் அடையாளம். பின்னர் ஜப்பானும் வாங்கத் தொடங்கியது. ஏழைகளின் குழம்புக்கு உரியதாக இருந்த இறால் ஏற்றுமதிப் பொருளாக மாறியது. 1972இல் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தை அரசே அமைத்தது. விலை ஏற ஏற, இறால் ஓடும் தடத்தின் மதிப்பும் ஏறியது. அந்தத் தடத்தின்மீது உரிமை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையேயான தூரமும் கூடியது. பழைய வழக்காறு ஒன்று புதிய சந்தையில் நுழைந்து சொத்துரிமையாக இறுகியது. பிலாக்சியும் இறாலுக்கும் சிப்பிக்கும் பெயர்போன ஊர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

நம் வெகுமக்கள் பண்பாடு இதை எப்படிப் பார்த்தது? 1964இல் வந்த எம்.ஜி.ஆரின் 'படகோட்டி' இரண்டு மீனவக் கூட்டங்களின் பகையையும் அதில் குளிர்காயும் செல்வந்தரையும் காட்டியது. மீனவரின் வறுமையை வண்ணத்திரைக்குக் கொண்டுவந்த அந்தப் படத்தை இன்றும் குப்பங்களில் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். ஆனால் அந்தப் படத்தின் கடலில் மீனவரும் முதலாளியும் மட்டுமே இருக்கிறார்கள். சேற்றில் தவழும் பெண் அங்கே இல்லை. 'கிட்ஜெட்' கடற்கரையில் கருப்பின முகம் இல்லாததைச் சுட்டுகிற நாம், நம் படங்களிடமும் அதையே கேட்க வேண்டும்.

எதைக் கழற்றுவது?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். பலகையில் எழுதப்பட்ட பாகுபாட்டை நீதிமன்றம் சுலபமாக அடையாளம் காணும். வழக்காறாக வாழும் பாகுபாட்டை முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்கான கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை.

அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பு, சட்டம் என்ற சொல்லுக்குள் வழக்காற்றையும் சேர்க்கிறது. அடிப்படை உரிமைக்கு முரணான வழக்காறு செல்லாது. 15(2)ஆம் உறுப்பும் 17ஆம் உறுப்பும் அரசை மட்டுமல்லாமல் தனிநபர்களையும் கட்டுப்படுத்துகின்றன. 1955ஆம் ஆண்டுச் சட்டம் 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமானது. பட்டியல் சாதியினர் ஒருவருக்கு எதிராக நடந்த செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், அப்படியில்லை என்று எதிர்த்தரப்பே நிரூபிக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 3(1)(za) பிரிவு இன்னும் கூர்மையானது. ஒரு பகுதியின் பொதுவளங்களைப் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மற்றவரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதே குற்றம்.

முன்னோடி வழக்கும் உண்டு. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தினார். குளம் தங்களுக்கே உரியது, அது நினைவுக்கெட்டாத காலத்து வழக்காறு என்று ஆதிக்கச் சாதியினர் வழக்குத் தொடுத்தார்கள். 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வழக்காறு நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளுபடி செய்தது. சுதந்திர இந்தியாவில், ஆழ்துளைக் கிணற்றில் நீர் எடுக்கவிடாமல் தடுத்ததற்கான அப்பா பாலு இங்களே வழக்கில், 1992 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டளித்தது.

இவற்றை வைத்து நாளையே வழக்குத் தொடுக்கலாமே என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள். எங்கள் தயக்கத்தை மறைக்காமல் சொல்கிறோம்.

முதலாவது, சட்டத் தயக்கம். மகாத் வழக்கு வென்றது வழக்காறு நிரூபணமாகாததால். பாடு தொன்மையானது என்பதை நிரூபிப்பது எதிர்த்தரப்புக்குக் கடினமல்ல. பட்டியலில் இல்லாத பிற சாதியினரையும் இஸ்லாமியரையும்கூட அது வெளியே வைக்கிறது, ஆகவே அது தீண்டாமை அல்ல என்று வாதிடுவார்கள். இதற்குப் பதில் உண்டு: பலரை விலக்குவது, அவர்களில் ஒருவரை விலக்கியதை நியாயமாக்காது. பிறப்பால் மட்டுமே கிடைக்கும் தகுதி சாதியின் தகுதிதான். ஆனாலும் அது உறுதியாக வெல்லும் வாதம் என்று மக்களிடம் பொய்யுறுதி தர நாங்கள் தயாராக இல்லை.

இரண்டாவது தயக்கம் பெரிது. பட்டினவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் உள்ள, தாங்களும் இழிவைச் சுமந்த சமூகம். பிலாக்சியின் கரையோர மாளிகைக்காரர்களோடு அவர்களை ஒப்பிட்டால் அது அநீதி. ஸ்ரீஹரிக்கோட்டா ராக்கெட் தளத்துக்காக 1969இல் தெரிவு செய்யப்பட்டபோது கரையோர மீனவரும் ஏனாதிகளும் சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள். எண்ணூரும் காட்டுப்பள்ளியும் துறைமுகங்களான பின் கரை அரிக்கப்படுவதை எல்லாக் குப்பங்களும் சேர்ந்தே எதிர்க்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொது விசாரணைகள் தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன, திட்டம் சாகவில்லை. இந்த நேரத்தில் பாடு முறையே செல்லாது என்று ஒரு தீர்ப்பு வந்தால், ஏரி எல்லோருக்கும் திறக்கும். அப்போது முதலில் இறங்குவது பறி ஏந்திய பெண்ணா, மோட்டார் படகும் முன்பணமும் வைத்திருக்கும் வியாபாரியா? ஜாக்சன் நகரத்தின் வற்றிய குளம் இங்கேதான் எங்கள் நினைவுக்கு வருகிறது.

ஒற்றுமையின் பெயரால் தலித் மக்களைக் காத்திருக்கச் சொல்லும் அறிவுரையாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அறிவுரையை நாம் போதுமான அளவு கேட்டுவிட்டோம். எங்கள் நிலைப்பாடு வேறு. பாட்டை உடைக்கக் கோராமல், பட்டியலைத் திறக்கக் கோர வேண்டும். சீட்டுக் குலுக்கலும் முறைவைப்பும் இருக்கட்டும். தலைக்கட்டுக்கான தகுதி பிறப்பாக இல்லாமல் ஏரியை நம்பி வாழ்வதாக இருக்க வேண்டும். கையால் இறால் தடவும் ஆழமற்ற பகுதிகளில் வலை கட்டத் தடையும் வேண்டும். குப்பப் பஞ்சாயத்துகளோடு பேசுவதற்கு மாவட்ட ஆட்சியரும் மீன்வளத் துறையும் பொறுப்பேற்க வேண்டும். அவர்கள் மறுத்தால், அரசு தன் கடமையைச் செய்யக் கோரும் நீதிப்பேராணை மனு இருக்கிறது. 3(1)(za) பிரிவைப் பேச்சுவார்த்தைக்கு வராதவர்களுக்காக வைத்திருப்போம்.

பழவேற்காட்டைப் பெயர் சொல்லிக் காத்த தீர்ப்பும் ஒன்று உண்டு. 1996 டிசம்பர் 11 அன்று எஸ். ஜெகநாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்றது. ஏரியை யாரிடமிருந்து காக்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு சொன்னது. யாருக்காகக் காக்க வேண்டும் என்ற கேள்வி அந்த வழக்கில் எழுப்பப்படவில்லை.

எந்த மனுவுக்கும் முதல் தேவை ஆவணம். யார் எத்தனை ஆண்டுகளாக, எந்த இடத்தில், எந்த முறையில் பிடிக்கிறார்கள் என்ற பதிவு ஏதுமில்லாமல் 'ஏரியை நம்பி வாழ்வோர்' என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. எம்மெட் டில்லின் தாய்க்கு 'ஜெட்' இருந்தது. இங்கே யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் அந்த வாசிப்பு வட்டத்தின் மாணவர்களிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து வந்தோம். கேள்வி கேட்ட மாணவி இரண்டு வாரம் கழித்து முதல் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பெயர், வயது, குடியிருப்பு, ஏரியில் இறங்கத் தொடங்கிய ஆண்டு என்று நான்கு பத்திகள். வரிசையில் முதலாவதாகத் தன் தாயின் பெயரை எழுதியிருந்தார். 'குடும்பத் தலைவர்' என்று நாங்கள் அச்சிட்டுக் கொடுத்திருந்த தலைப்பை அடித்துவிட்டு, 'தண்ணியில இறங்குறவங்க' என்று மேலே எழுதியிருந்தார்.